கனம் என்று கூப்பிட்டவர்

அத்தனை கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில், உயர்ந்த மேடையில் நீதிபதி உட்கார்ந்திருக்க, பெரிய வக்கீல் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று ஆரம்பித்தார். உடனே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, இறந்துபோன இன்னொரு வக்கீலின் மனைவி, கோர்ட் முழுக்கக் கேட்கும்படி, "ம், சொல்லு" என்றுவிட்டாள்.

யாராவது சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரிய வக்கீல் வாயை மூட மறந்து நின்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அம்மாவின் தம்பிக்காரன், எதற்கும் ஒரு நக்கல் தயாராக வைத்திருப்பவன், அவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், புருஷன் போன அதிர்ச்சியில் அந்த அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் அங்கே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

புத்தியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அது பழக்கம். அந்தச் சொல் காதில் விழுந்தால் இந்தப் பதில் வாயில் வந்துவிடும், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அன்றைக்குக் கோர்ட்டில் அவள் தலையில் விழுந்தது எத்தனை பெரிய இடி என்பது புரியாது.

கல்யாணமான புதிது. இன்னும் ஒருவரை ஒருவர் நேராக நிமிர்ந்து பார்க்கப் பழகாத நாட்கள். ஒரு சாயங்காலம் வக்கீல் வீட்டுக்கு வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அவளுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"சாப்பிடறீங்களா?"

"சாப்பாடு இருக்கட்டும். நீ இப்படி வந்து இந்த நாற்காலியில உட்காரு."

சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவளை உட்கார வைத்துவிட்டு அவர் எதிரே போய் நின்றார்.

"இப்ப நீதான் ஜட்ஜ். நான் கனம் கோர்ட்டார் அவர்களேன்னு சொல்லுவேன். நீ ம், சொல்லுன்னு சொல்லணும்."

"ஐயையோ, உங்களைப் போய் சொல்லுன்னு எப்படிச் சொல்றது?"

"ஜட்ஜ் யாரையும் வாங்க போங்கன்னு கெஞ்ச மாட்டார். சொல்லு, பார்க்கலாம்."

அவள் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள். அவ்வளவுதான், மனுஷர் பிடித்துக்கொண்டார். பெண்டாட்டியைப் பிரிந்த ஒரு அப்பன் தன் குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்கிற வழக்கு அது. அந்த அப்பனுக்காக வாதாடினார். அப்புறம் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் அந்த அம்மாவுக்காகவும் வாதாடினார். கையை ஆட்டி, குரலை உயர்த்தித் தாழ்த்தி, சாப்பாடு ஆறி அவலாகும்வரை பேசினார். அவளுக்கு மலைப்பாக இருந்தது. அப்பா இவ்வளவு பேசுகிறவரையா நமக்குப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் வாய் சும்மா இராமல் ஒன்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் இவ்வளவு பேசறீங்களே, அந்தக் குழந்தை என்ன சொல்லுதுன்னு யாராவது கேட்டீங்களா?"

அவர் அப்படியே நின்றார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "கனம் கோர்ட்டார் கேக்கறது நியாயம்" என்று சொல்லிவிட்டு, பசி வந்தவராய் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று முதல் அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் கனம்.

"கனம், என் கண்ணாடியைப் பார்த்தியா?" "கனம், குடை எங்கே?" என்று காலையில் அவர் போடுகிற சத்தம் பக்கத்து வீடுவரை கேட்கும். அடுத்த வீட்டு அம்மாள் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்களே காத்தடிச்சாப் பறந்துடுவீங்க போல இருக்கீங்க. உங்களைப் போய் கனம் கனம்னு கேலி பண்றாரே, உங்களுக்குக் கோபம் வராதா?"

இவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பக்கெட் தண்ணீர் சிந்திவிட்டது.

அப்புறம் அது நாள் தவறாத வேலையாகிவிட்டது. சாயங்காலமானால் வக்கீல் கேஸ் கட்டோடு வந்துவிடுவார். சங்கத்துக் கூட்டம், நண்பர்கள் அரட்டை, வெளியூர் வழக்கு, எதற்கும் போகமாட்டார். "எனக்கு வேற கோர்ட்ல ஆஜராகணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாராம். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வாதாடுவார். துவைத்த துணியை மடித்துக்கொண்டே குறுக்கு விசாரணை செய்வார். "இன்னிக்கு ஜட்ஜ் என்னை மடக்கப் பார்த்தார், நான் விட்டேனா?" என்று அன்றைய கோர்ட்டை நடித்துக் காட்டுவார். ஜட்ஜின் தும்மல்கூட அதில் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருவில் அவருக்கு ரேடியோ வக்கீல் என்று பெயர். வாயை மூடாத மனுஷர் என்று அர்த்தம்.

பகலில் அவள் அவரை "என்னங்க" என்பாள், "வாங்க, போங்க" என்பாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் "ம், சொல்லு". அந்த ஒரு நாற்காலி அவளுக்குக் கொடுத்த உரிமை அது. விட்டுக்கொடுப்பாளா?

மகள் பிறந்து வளர்ந்ததும் அவருக்கு வீட்டிலேயே ஒரு கட்சிக்காரியும் கிடைத்துவிட்டாள். அவளுக்குச் சைக்கிள் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, எழுத்துமூலம் மனுக் கொடுத்தால்தான் விசாரணைக்கு எடுப்பேன் என்றாள் கனம். மகளுக்காக ஆஜரானவர் அப்பா. அழாத குறையாக வாதாடினார். "ரோட்டுல லாரி போகுது. மனு தள்ளுபடி" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். அப்பாவும் மகளும் மறுநாள் காலை உணவின்போது மேல்முறையீடு செய்து ஜெயித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்டு எழுதினால் அதிலும் "மேற்படி மனுதாரராகிய என் மகள் கடுமையான வயிற்று வலியால் அவதியுற்று வருவதால்" என்றுதான் எழுதுவார். டீச்சர்கள் அதை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிப்பார்களாம். மகளுக்குத் தலை பின்னிவிடுவது, ஷூ துடைப்பது, பள்ளிக்கூட வாசல்வரை பையைச் சுமப்பது எல்லாம் அவர்தான். கனத்துக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே படுத்துக் கிடந்தார். நர்ஸிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மட்டும் கையால் ஜாடை காட்டினார், இல்லாவிட்டால் மகளை அனுப்பினார். என்மேல் உள்ள கவலையில் மனுஷருக்குப் பேச்சே வரவில்லை என்று கனம் படுக்கையில் கிடந்தபடி உருகிப்போனாள்.

இங்கேதான் அந்தக் குடும்பம் செய்த தப்பு இருக்கிறது. வீட்டில் ரேடியோவாக இருந்த மனுஷர் வெளியில் வாயைத் திறப்பதில்லை. கடையில் விலை கேட்க மாட்டார். நாலு பேர் கூடின இடத்தில் மூலையில் நிற்பார். இதை எல்லாரும்தான் பார்த்தார்கள். ஆனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "நாள் பூரா கோர்ட்டுல கத்திட்டு வர்றார், வெளியில வேற பேசணுமா?" என்று கனமே எல்லாருக்கும் பதில் சொல்லிவிடுவாள். அவர் சொல்ல வேண்டிய பொய்யையும் சேர்த்து இவளே சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அதோடு நின்றாளா? வாதாடி வாதாடித் தொண்டை போய்விடுமே என்று தினமும் காலையில் வெந்நீர் காய்ச்சி, ஒரு நீல ஃபிளாஸ்க்கில் ஊற்றி, மூடியை இறுக்கிக் கையில் கொடுத்துவிடுவாள். காய்ச்சலில் கிடந்த நாளில்கூட எழுந்து போய் வெந்நீர் வைத்திருக்கிறாள். சாயங்காலம் ஃபிளாஸ்க் காலியாக வரும். அவளுக்குத் திருப்தி.

ஒரே ஒரு ஆசை மட்டும் நிறைவேறவில்லை. அவர் வாதாடுவதை நிஜமான கோர்ட்டில் ஒரு தடவை பார்க்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் அவர் கையைக் கட்டிக்கொண்டு, "கனம் கோர்ட்டார் அவர்களே, வாய்தா கேட்கிறேன்" என்பார். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், தள்ளிப் போடுங்கள் என்பதற்குக் கோர்ட் பாஷை அது. இவளும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவாள். இப்படியே வாய்தா மேல் வாய்தாவாக மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

அந்தக் கல்யாண விருந்தில்தான் வினை வந்தது. பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வக்கீல் மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று ஜாடை காட்டிவிட்டுப் போனவர்தான், விருந்து முடியும்வரை திரும்பவில்லை. தம்பிக்காரன் விடுவானா?

"அக்கா, நிஜமாச் சொல்லு. மாமா கோர்ட்டுல வாதாடி நீ பார்த்திருக்கியா? பெத்த பொண்ணு கல்யாணத்துல 'வந்தவங்களுக்கு நன்றி'ன்னு சொல்ல வாய் வரலை. அவரா ஜட்ஜை மடக்கறவர்?"

"வாயை மூடுடா. அடுத்த வாரமே போய்ப் பார்த்துட்டு வந்து உன் மூஞ்சியில கரி பூசறேன்."

மறுநாள் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். அவர் வழக்கம்போல் வாய்தா கேட்டார். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"வாய்தா கிடையாது. குடுத்த வாய்தா எல்லாம் முடிஞ்சு போச்சு. நான் வரத்தான் போறேன்."

அவர் நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸையும் கத்தியையும் கீழே வைத்தார். பிறகு, "சரி. அடுத்த வாரம் ஒரு கேஸ் இருக்கு. வா" என்றார். அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. கட்டிக்கொண்டு போகப் புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

அவள் போக வேண்டிய நாள் வரவில்லை. அதற்கு முன்பே கோர்ட் குமாஸ்தா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"அம்மா... சார் பேசறதுக்கு எழுந்து நின்னார்மா. அப்படியே விழுந்துட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். ஆனா..."

நெஞ்சு அடைத்துவிட்டது என்றார் டாக்டர். கனம் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "நின்னு பேசறப்போ போயிருக்கார். அவருக்குப் பிடிச்ச வேலையைச் செஞ்சுக்கிட்டே போயிட்டார்" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். தம்பியைத் தனியாகப் பிடித்து, "கேட்டியா? நின்னு பேசறப்போ. இனிமே மாமாவை ஏதாவது சொன்னே, பல்லைத் தட்டிடுவேன்" என்றாள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அத்தனை நாளும் நடமாடினாள்.

இப்போது கோர்ட்டுக்கு வருவோம். இறந்துபோன வக்கீலுக்காகக் கோர்ட் கூடி இரங்கல் தெரிவிப்பது வழக்கமாம். வீட்டாரையும் அழைத்திருந்தார்கள். அவரோடு வந்து பார்க்க எடுத்து வைத்திருந்த அதே புடவையில் அவள் வந்தாள். வந்து உட்கார்ந்து, "கனம் கோர்ட்டார் அவர்களே" காதில் விழுந்து, "ம், சொல்லு" வாயில் வந்து, எல்லாரும் திகைத்து நின்ற இடத்தில்தான் விட்டேன்.

பெரிய வக்கீல் சமாளித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"நம்மை விட்டுப் பிரிந்த நண்பரை நாம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மௌனம்' என்றுதான் கூப்பிடுவோம். இத்தனை வருஷத்தில் இந்தக் கோர்ட்டில் அவர் எழுந்து ஒரு வழக்கிலாவது வாதாடியதில்லை. கடைசி நாள்வரை ஒரு வார்த்தை பேசியதில்லை."

கனம் மகள் பக்கம் சாய்ந்தாள்.

"ஏய், எழுந்திரு. நாம வேற யாருக்கோ நடக்கிற கூட்டத்துல வந்து உட்கார்ந்துட்டோம்டி."

"அம்மா, சும்மா இரும்மா."

"இல்லைடி, இது வேற ஆள். யாரோ பேசத் தெரியாதவராம். நம்மளுது அடுத்த ஹாலா இருக்கும். கேட்டுட்டு வா."

"அம்மா..." மகளின் குரல் உடைந்தது. "மேஜைமேல இருக்கிறது அப்பா படம்மா."

கனம் பார்த்தாள். அப்பா படம்தான். மகள் கல்யாணத்தன்று எடுத்தது. மைக்கைப் பார்ப்பதற்கு முன்னால் எடுத்த படம், சிரித்துக்கொண்டிருந்தார். மேலே பெரிய வக்கீல் பேசிக்கொண்டே போனார். மௌனம் எழுதிக் கொடுத்த மனுக்களை வைத்துத்தான் தாங்களெல்லாம் பேசினோம், பேர் வாங்கினோம் என்றார். ஜட்ஜ் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே எழுதி, அதற்குப் பதிலும் எழுதி வைத்திருப்பார் என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தன் வாதத்தை இன்னொருவர் பேசுவதை உதடு அசையக் கேட்டுக்கொண்டிருப்பார் என்றார். புகழ்ச்சிதான், ஒரு குறையும் இல்லை. ஆனால் அது ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுகிற அறையாகத்தான் அவளுக்கு இருந்தது. ஜட்ஜை மடக்கினாரே, அது? எதிர்த்தரப்பு வக்கீல் பதில் சொல்ல முடியாமல் தண்ணீர் குடித்தாரே, அது? ஒவ்வொரு சாயங்காலமும் எனக்கு நடித்துக் காட்டினாரே, அதெல்லாம் என்ன? இத்தனை வருஷம் நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்?

எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றபோது அவளும் நின்றாள். தம்பி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். ஜெயித்தது அவன்தான். ஆனால் அவன் முகத்தில் இருந்த கலவரத்தைப் பார்த்தால் எதிரிக்குக்கூட அப்படி ஒரு ஜெயம் வேண்டாம்.

கூட்டம் கலைந்ததும் பெரிய வக்கீல் அவர்களைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்கச் சட்டப் புத்தகங்கள். கதவைச் சாத்திவிட்டு, உட்காராமல், அவள் எதிரே வந்து நின்றார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். மௌனம் உங்களை வீட்ல எப்படிக் கூப்பிடுவார்?"

"கனம்" என்றாள்.

அந்த மனுஷர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க முதல்ல சொல்லுங்க சார்" என்றாள் அவள். "அவர் ஏன் பேசலை?"

"முதல் கேஸ்லயே நடந்துபோச்சும்மா. ஒரு அப்பா, தன் குழந்தையைப் பார்க்கணும்னு போட்ட கேஸ். இவர் எழுந்தார், வாயைத் திறந்தார், வெறும் காத்துதான் வந்துது. ஜட்ஜ் ரொம்ப நேரம் காத்திருந்துட்டு, 'வக்கீல் ஐயா மனசுக்குள்ளேயே வாதாடறார் போலிருக்கு'ன்னு ஒரு ஜோக் அடிச்சார். கோர்ட்டே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அன்னிக்கு அவர் போட்டிருந்த சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு. இந்தத் தொழில் உனக்கு வேண்டாம்யா, விட்டுடுன்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போனார். மறுநாள் வந்து நின்னார், முகம் வேற மாதிரி இருந்துது. 'நான் எழுதித் தரேன், நீங்க பேசுங்க. எனக்குப் பேச வேற கோர்ட் இருக்கு'ன்னார். அந்தக் கேஸையே எழுதிக் கொண்டுவந்திருந்தார். 'குழந்தையைக் கேட்டீங்களா'ன்னு அதுல ஒரு கேள்வி போட்டிருந்தார். அதுலதான் ஜெயிச்சோம்."

வெளிறின முகம். ஆறிப்போன சாப்பாடு. அந்தக் குழந்தை என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா என்று விளையாட்டாக அவள் கேட்ட அந்தச் சாயங்காலமா? அன்றைக்கா?

"அப்ப அந்த வெந்நீர்?" என்றாள் திடீரென்று.

பெரிய வக்கீலின் முகம் தொங்கிப்போயிற்று. "நான்தாம்மா குடிப்பேன். பேசறது நான்தானே. எழுந்திருக்கிறதுக்கு முன்னால ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்துடுவார். உங்க வெந்நீர்லதான் இத்தனை வருஷமும் என் தொண்டை ஓடுச்சு."

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டவளுக்கு இது பொறுக்கவில்லை. "காய்ச்சலோட எழுந்து வெச்சேனே! உங்களுக்கா வெச்சேன்?" என்று கத்தியேவிட்டாள். மகள் வந்து தோளைப் பிடித்தாள்.

"கோவிச்சுக்குங்கம்மா, நியாயம்தான். ஆனா கடைசி நாள் அதை எனக்குக் குடுக்கலை." பெரிய வக்கீல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்குக் காலையில என்கிட்ட வந்து, 'இந்த மனுவுக்கு நான் பேசறேன்'னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சின்ன மனுதான், வேண்டாம்யா இந்த வயசுலன்னேன். 'பழகிக்கணும் சார். அடுத்த வாரம் கனம் வராங்க'ன்னார். எனக்கு என்ன தெரியும்? புது ஜட்ஜ் யாரோ வரப்போறாங்க போலிருக்கு, இவருக்கு எப்படியோ முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து அவரே குடிச்சார். எழுந்து நின்னார். 'கனம்'னு நல்லா சத்தமாத்தான் ஆரம்பிச்சார். கோர்ட்டே மூச்சு விடலை. 'கோர்ட்டார் அவர்களே' வரும்னு ஜட்ஜும் காத்திருந்தார். வரலை. மறுபடியும் 'கனம்'னார். ஆனா ரெண்டாவது தடவை மெதுவா, வீட்ல பக்கத்து ரூம்ல இருக்கிறவங்களைக் கூப்பிடற மாதிரி. அப்படியே சாஞ்சுட்டார். பேச்சை ஆரம்பிச்சு முடியலைன்னுதான் இன்னிக்கு வரைக்கும் நாங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கோம். நீங்க 'ம், சொல்லு'ன்னு சொன்னதும்தான் எனக்குத் தலை சுத்திப்போச்சு."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான்தான்... நான் வரேன்னு சொன்னதாலதான் எழுந்து நின்னாரா? நான்தான் அவரை..."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா" என்றார்.

காரில் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டான். கனம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே போய்ச் சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அலமாரியில் நீல ஃபிளாஸ்க் கவிழ்த்து வைத்திருந்தது. கோர்ட்டிலிருந்து திரும்பி வந்த சாமான்களோடு வந்ததைக் கழுவி அவள்தான் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு அது காலியாக வந்ததைப் பார்த்து, குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று ஆறுதல்பட்டதும் அவள்தான்.

மகள் எதிரே நின்றபடி கேட்டாள். "அப்பா சொன்னது அத்தனையும் பொய்யாம்மா? அப்போ என் சைக்கிள் கேஸ் ஒண்ணுதான் அவர் நிஜமா வாதாடினதா?"

கனத்துக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. எதிர் நாற்காலியைப் பார்த்துக் கத்தினாள்.

"பேச வரலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் சிரிச்சிருப்பேனா? அந்த ஜட்ஜ் மாதிரி நானும் சிரிச்சிடுவேன்னு நினைச்சீங்களா? தெரிஞ்சிருந்தா வரேன்னு நின்னிருப்பேனா? இப்படி என்னைக் கொண்டுபோய் நிறுத்திட்டீங்களே, நான் யார்கிட்ட போய் வாய்தா கேப்பேன்?"

கத்தி ஓய்ந்தாள். மூச்சு வாங்கியது. வீடு அமைதியாக இருந்தது. அந்த வீட்டில் சாயங்காலத்தில் அப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை.

பொய் சொன்னது போகட்டும், மறைத்தது போகட்டும். அவளால் தாங்க முடியாதது வேறொன்றாக இருந்தது. அவர் கனம் என்று கூப்பிட்டால் அவள் குளித்துக்கொண்டிருந்தாலும், கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாலும், ஏதாவது ஒரு குரல் கொடுப்பாள். பதில் வராமல் அவர் கூப்பிட்டு நின்றதே கிடையாது. அன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாரும் ஜட்ஜையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பதில் வரவில்லை என்று மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைப்பிடிகள்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"ம், சொல்லு" என்றாள்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் நின்ற தம்பி உள்ளே எட்டிப் பார்த்தான். கனம் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாரே, அதனால் அவளும் இன்னொரு தடவை சொன்னாள், மெதுவாக.

"ம், சொல்லு."